சாமக் கணக்கும் கப்பலின் அளவும்

தமிழ் முஸ்லிம்களின் கடலோடி வரலாறு பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை குறைவல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை எனத் துறைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. முத்தும் சங்கும் அரிசியும் கைலித் துணியும் ஏற்றுமதியான செய்தி வருகிறது. வள்ளல் சீதக்காதியின் புகழ் வருகிறது. வராத ஒன்று கப்பல். அது எத்தனை முழ நீளம், நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்தது, எந்தக் காற்றில் ஓடியது, ஓர் இரவும் ஒரு பகலும் ஓடினால் எவ்வளவு தூரம் கடந்தது என்பவை நம் நூல்களில் பெரும்பாலும் இல்லை. மரைக்காயர் என்ற பெயர் மரக்கலம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பார் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார் மற்றொரு சாரார். சொல்லைப் பற்றி இவ்வளவு வாதிட்ட நாம், அந்த மரக்கலம் எப்படி இருந்தது என்று கேட்க மறந்தோம்.

அளவுகள் இல்லாத இடத்தில் அபிப்பிராயங்கள் குடியேறுகின்றன. குடியேற்றக் காலத்து ஆங்கிலேயக் குறிப்புகளில் நம் தோணிகள் செப்பமற்ற பழங்காலப் படகுகளாகக் காட்டப்படுவதுண்டு. அதற்கு மறுமொழியாக நம்மவர், உலகிலேயே சிறந்த கப்பல்கள் நம்முடையவையே என்கிறார்கள். இரண்டு கூற்றுக்கும் ஆதாரமாக ஓர் எண்கூடத் தரப்படுவதில்லை. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புத் துறையின் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் விதிவிலக்கு. இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி அவர் 1920இல் வெளியிட்ட ஆய்வு, கரை கரையாக நடந்து, படகைத் தொட்டுப் பார்த்து எழுதப்பட்டது. அவருடைய இனவியல் முடிவுகளை இன்று அப்படியே ஏற்க இயலாது. அவர் பதிந்து வைத்த விவரங்களோ இன்னும் நமக்கு வேண்டியவை.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்துகொண்டு கப்பலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மேற்கே மலை, கிழக்கே கரிசல், கடலோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆயினும் இவ்வூர்களின் வாழ்வைக் கடலோடு கட்டிய பொருள் ஒன்று உண்டு, அது பருத்தி. திருநெல்வேலிப் பருத்தி என்று இங்கிலாந்துச் சந்தையில் பெயர்பெற்ற சரக்கு விளைந்தது இந்தச் சுற்றுவட்டக் கரிசலில்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை 1876இல் இருப்புப்பாதை வந்தது. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பாதை 1927இல் வந்தது. 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பின் பருத்தி உள்ளூரிலேயே நூலாகத் தலைப்பட்டது. அதற்கு முன்பு அது கடலை நோக்கியே சென்றது. தூத்துக்குடிக் கரையோரம் ஆழமற்றது. பெரிய நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே பருத்திப் பொதிகளைச் சுமந்தவை பாய்மரத் தோணிகள். ஆழ்கடல் துறைமுகம் அமைந்து, 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரை தோணியின்றித் தூத்துக்குடி வணிகம் இல்லை.

கப்பலின் அளவைப் படிக்கப் பழகுவதற்குப் பருத்திப் பொதியே நல்ல தொடக்கம். இருநூறு டன் தோணி என்றால் என்ன பொருள்? டன் என்பது எடை என்றே நாம் நினைக்கிறோம். கப்பல் துறையில் அச்சொல் முதலில் திராட்சை மதுப் பீப்பாயைக் குறித்தது. எத்தனை பீப்பாய் அடங்கும் என்ற கொள்ளளவுக் கணக்கே அது. பிற்காலத்தில் பதிவு டன் என்பது நூறு கன அடி இடம் என்று வரையறுக்கப்பட்டது. பாரசீக வளைகுடாவின் அரபு வணிகர்களோ தம் கப்பல்களைப் பேரீத்தம்பழத்தால் அளந்தார்கள்: இத்தனை 'மன்' பழம் ஏற்றும் கப்பல் என்பதே அதன் அளவு. எந்தச் சரக்குக்காகக் கப்பல் கட்டப்பட்டதோ அந்தச் சரக்கே அதன் அளவுகோலாயிற்று.

இப்போது 170 கிலோ எடையுள்ள இந்தியப் பருத்திப் பொதியை எடுத்துக்கொள்வோம். இருநூறு டன் எடையைத் தாங்கும் தோணி, எடைக் கணக்கில் ஆயிரத்து நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட பொதிகளைச் சுமக்கவேண்டும். ஆனால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பருத்திப் பொதியின் எடை, அதே பருமனுள்ள கடல்நீரின் எடையைவிடக் குறைவே. அடித்தளம் நிரம்பிய பிறகும் தோணி தன் எடையளவை அடைந்திராது. எஞ்சிய பொதிகளை மேல்தட்டில் அடுக்கவேண்டிவரும். அடுக்க அடுக்கப் பாரத்தின் மையம் மேலேறும். காற்று தட்டினால் தோணி சாயும். அரிசியோ உப்போ ஓடோ ஏற்றினால் இத்தொல்லை இல்லை. அங்கே பாரம் தானே அடியில் தங்கிவிடுகிறது. ஒரே தோணி, ஒரே எழுதிய அளவு. சரக்கு மாறினால் கடலில் அதன் குணம் மாறுகிறது. அடிப்பாரமாக எவ்வளவு கல்லும் மணலும் இடவேண்டும் என்று தீர்மானித்த தண்டேலின் அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அடுத்தது நீளம். நீரைக் கிழித்துச் செல்லும் கப்பல் தானே ஓர் அலையை எழுப்பிக்கொண்டு போகிறது. வேகம் கூடக்கூட அவ்வலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளமும் கப்பலின் நீளமும் ஒன்றாகும்போது கப்பல் தன் அலையின் பள்ளத்தில் தானே அகப்பட்டுக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் மேட்டில் ஏறுவது போல உழைக்கவேண்டும். ஆகவே நீர்மட்டத்தில் கப்பலின் நீளம் எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அதன் இயல்பான உச்ச வேகம் மணிக்கு இத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். முப்பத்தாறு அடிப் படகுக்கு எட்டு மைல். அறுபத்துநான்கு அடிக் கப்பலுக்கு ஏறத்தாழப் பத்தே முக்கால் மைல். இன்று உலகம் சுற்றப் பாய்மரப் படகு வாங்குவோர் முதலில் பார்க்கும் கணக்குகளில் இதுவும் ஒன்று.

ஆயின் உச்ச வேகத்தை நம்பிக் கடல் வணிகம் செய்தவர் எவருமில்லை. காற்று விழும், திசை மாறும், இரவில் பாயைக் குறைக்கவேண்டும், பாசி படிந்த அடிப்பலகை வேகத்தைத் தின்னும். கடலோடி அறிய விரும்பியது நாள் ஒன்றுக்கு நம்பத்தக்க சராசரி ஓட்டம். இந்த இடத்தில்தான் அரபு மாலுமிகளின் நூல்கள் நமக்குப் பெரும் உதவி புரிகின்றன. மாலுமி என்ற நம் சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். கற்பிப்பவர் என்று பொருள். சுக்கானும் அரபு மொழியின் கொடை. கப்பல் தலைவனைக் குறித்த நாகுதா பாரசீகத்திலிருந்து வந்தது.

அஹ்மது இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டி அழைத்துவந்தவர் அவரே என்ற கதை இன்னும் நம் மேடைகளில் சொல்லப்படுகிறது. பிற்கால ஆய்வு அதை ஏற்கவில்லை, அவர் பெருமைக்கு அது தேவையுமில்லை. 1490 வாக்கில் நிறைவுற்ற அவருடைய 'கிதாபுல் ஃபவாயித்' கடல் தூரத்தை 'ஸாம்' என்னும் அலகால் கூறுகிறது. ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேர ஓட்டம். ஒரு நாளுக்கு எட்டு ஸாம். விண்மீன்களின் உயரத்தை அம்மாலுமிகள் 'இஸ்பஃ' என்னும் விரலளவால் அளந்தார்கள். வட்டம் முழுவதற்கும் 224 விரல். நேர் வடக்கே எட்டு ஸாம் ஓடினால் துருவமீன் ஒரு விரல் உயரும் என்பது அவர்களின் விதி.

இதைப் பிரித்துப் பார்ப்போம். 360 பாகையை 224ஆல் வகுத்தால் ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. ஒரு பாகைக்கு அறுபது கடல் மைல் என்பதால் ஒரு விரல் தொண்ணூற்றாறு மைல். அதை எட்டு ஸாமாகப் பங்கிட்டால் ஸாமுக்குப் பன்னிரண்டு மைல். மணிக்கு நான்கு மைல். பத்து மைல் ஓடவல்ல கப்பலுக்கு நான்கு மைல்தானா என்று ஏளனம் செய்யவேண்டாம். ஆண்டுக்கணக்கில் பல கப்பல்கள் ஓடிய ஓட்டத்தின் வடிகட்டிய சராசரி இது. பெருமைக்காகக் கூட்டப்படாத எண். இந்தியப் பெருங்கடல் கப்பல்களின் செயல்திறன் குறித்து நமக்குக் கிடைத்துள்ள நேர்மையான சான்று இதுவே என்பது நம் கருத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழரின் சாமம் ஏழரை நாழிகை. அதாவது மூன்று மணி நேரம். நாளுக்கு எட்டுச் சாமம். ஸாமும் சாமமும் ஒலியிலும் அளவிலும் ஒன்றாக இருப்பது தற்செயலென்று நமக்குத் தோன்றவில்லை. வடமொழியின் யாமமும் இதே அளவினது. யாரிடமிருந்து யார் பெற்றார் என்று வழக்காடுவதைவிட, ஒரே கப்பலில் அரபு முஅல்லிமும் தமிழ்க் கடலோடியும் ஒரே அலகால் காவல்முறை மாற்றிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பது சுவையானது.

இந்தச் சாமக் கணக்கை நம் கடலில் வைத்துப் பார்க்கலாம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ நூற்றைம்பது கடல் மைல்; பன்னிரண்டரைச் சாமம்; ஒன்றரை நாளுக்குச் சற்று மிகை. திசை தென்கிழக்கு. நம் கடலின் இரு பெருங்காற்றுகளோ தென்மேற்கிலிருந்து வரும் சோழகமும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும். நிலப்படத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்: இரண்டு காற்றும் இப்பாதைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக வீசுகின்றன. போகும்போதும் பக்கக் காற்று. திரும்பும்போதும் பக்கக் காற்று. பாய்மரக் கப்பல் சுகமாக ஓடுவது இத்தகைய காற்றில்தான். இன்றைய பந்தயப் படகு காற்று வரும் திசைக்கு நாற்பத்தைந்து பாகை நெருங்கிச் செல்லும். பழைய முக்கோணப் பாய்க் கப்பல் அறுபது பாகைக்கு மேல் விலகியே செல்லமுடியும். குறைதான். ஆனால் காற்றை எதிர்க்கத் தேவையில்லாத பாதையில் ஓடும் கப்பலுக்கு அக்குறை என்ன செய்யும்? சோழகம் முற்றிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணிகள் துறையில் கட்டிக்கிடந்தன. அது திறமையின்மை என்று எழுதியவர் பஞ்சாங்கத்தையும் சேர்த்துக் கட்டப்பட்ட கப்பல் அது என்பதை உணரவில்லை.

ஆழத்தைப் பற்றிப் பேச நமக்கு இப்னு பதூதாவைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1344 வாக்கில் அவர் இலங்கைத் தீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குக் கப்பலேறினார். வழியில் காற்று மிகுந்தது. நீர் கப்பலுக்குள் புகும் நிலை. அறிவுள்ள கப்பல் தலைவன் தங்களிடம் இல்லை என்று அவர் குறைப்படுகிறார். முதலில் பாறைகளை நெருங்கி உடைபடும் தறுவாய்க்கு வந்தார்கள். பின் ஆழமற்ற நீரில் கப்பல் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தார்கள். மாலுமிகள் மரங்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்தார்கள். கரை இரண்டு பர்ஸக் தூரம். அதன் பிறகே அவர் மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் பாசறையை அடைந்தார். சுல்தான் அவருக்கு மனைவி வழியில் உறவினர்.

உலகின் பாதியைச் சுற்றிய பயணி நம் வாசலில் தரைதட்டியது ஏன்? மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் ஆழமற்ற மணல்திட்டுகளும் பவளப்பாறைகளும் நிறைந்தவை. ஆதம் பாலத்தின் பல இடங்களில் இரண்டு மூன்று மீட்டர் நீர்கூட இல்லை. ஆழமாக அமிழும் கப்பல் காற்றை எதிர்த்து நன்றாகப் போகும், ஆனால் இங்கே வராது. அடி தட்டையான தோணி காற்றுக்குப் பக்கவாட்டில் நழுவும், ஆனால் திட்டுகளின் மேல் மிதந்து செல்லும். கரையில் ஏற்றி வைத்தாலும் நிமிர்ந்து நிற்கும். தட்டை அடியைக் கைத்திறக் குறைவாக எண்ணுவோர் இந்தக் கடலின் ஆழப்படத்தை ஒருமுறை பார்ப்பது நலம்.

ஆழம் குறைந்தால் சாய்வைத் தடுக்க வேறு வழி வேண்டும். கோடிக்கரையிலிருந்து பாம்பன் வரையிலான கரையில் ஹார்னெல் கண்ட படகுகள் குறுக்கே ஒரு நீண்ட பலகையைத் தாங்கியிருந்தன. காற்று வலுக்கும்போது ஆட்கள் காற்று வரும் பக்கமாகப் பலகையின் முனைக்குச் சென்று அமர்வார்கள், அவர்களே அடிப்பாரம். இலங்கையின் மிதப்புக்கட்டைப் படகுகளில் காற்றின் வலிமையையே இது ஓராள் காற்று, இது ஈராள் காற்று என்று சொல்லும் வழக்கு இருந்தது. ஐரோப்பியப் பந்தயப் படகோட்டிகள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளியே சாய்வதும் இதே தத்துவமே.

அகலத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு 1979 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயம் சான்று. 303 படகுகள் புறப்பட்டன. புயலில் போட்டியாளர் பதினைந்து பேர் இறந்தனர். அகன்ற, இலேசான படகு முதலில் சாய மறுக்கும். கவிழ்ந்துவிட்டாலோ தலைகீழாகவும் அதே பிடிவாதத்தோடு நிற்கும். அதன் பிறகே அகலத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு கவிழும் அபாயத்தை மதிப்பிடும் கணக்கு படகு விவரப் பட்டியல்களில் இடம்பெற்றது. நம் தோணியும் அகலமானதே. ஆனால் பாரம் ஏற்றியது, காலம் பார்த்துப் புறப்படுவது.

பலகைகளை இணைத்த முறை பற்றியும் சிறிது கூறவேண்டும். திருக்குர்ஆனின் ஐம்பத்துநான்காம் அத்தியாயத்தில் நூஹ் நபியின் கப்பலைக் குறிக்குமிடத்தில் 'துஸுர்' என்ற சொல் வருகிறது. விரிவுரையாளர் பலர் இதற்கு ஆணிகள் என்றே பொருள் கொண்டனர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன. ஆணியறையும் வழக்கமும் கயிற்றால் தைக்கும் வழக்கமும் அரபுக் கடலோடிகள் அறிந்தவை. தைத்த கப்பல் பாறையில் மோதினால் வளைந்து கொடுக்கும், ஆணியறைந்தது உடையும் என்று இப்னு பதூதா விளக்குகிறார். 1980இல் ஓமானிலிருந்து டிம் செவரின் சீனத்துக்குச் செலுத்திய 'ஸுஹார்' மலபார் அயினி மரத்தால், தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டது. 1981இல் கான்டன் சேர்ந்தது. 2010இல் மஸ்கட்டிலிருந்து கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் சென்ற 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' பதினெட்டு மீட்டர் நீளமும் ஆறரை மீட்டர் அகலமும் கொண்டது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலை ஒட்டி அமைக்கப்பட்டது. தையல் கப்பல் பெருங்கடலைத் தாங்குமா என்ற ஐயம் இவ்விரு பயணங்களோடு தீர்ந்தது.

தமிழ்க் கைகள் கட்டிய கப்பலுக்கும் இத்தகைய சோதனை ஒன்று நடந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' இரு பாய்மரக் கப்பல்; நீளம் 89 அடி, அகலம் 19 அடி. அதை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். முப்பத்திரண்டு அடிப் படகில் 1928இல் புறப்பட்டு உலகைச் சுற்றி வந்தவர். கப்பலின் விவரம் படிக்கத் தெரிந்தவர். தம் மனைவியின் பெயரால் அதற்கு 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையை அடைந்தது. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 4.7 வருகிறது, 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' தருவது 2.8. முன்னது ஒடுக்கம், பின்னது தடித்த உடல். வல்வெட்டித்துறைத் தச்சர் ஐரோப்பியப் பாய் அமைப்பை எடுத்துக்கொண்டு அதற்கேற்ற ஒடுங்கிய உடலைக் கட்டியிருக்கிறார்கள் என்று இவ்வெண்களிலிருந்து ஊகிக்கலாம். அதே 1938இன் இறுதியில் ஆலன் வில்லியர்ஸ் என்ற ஆஸ்திரேலியர் ஏடனில் குவைத்துக் கப்பல் ஒன்றில் ஏறிக் கிழக்காப்பிரிக்கா சென்று மீண்டு, நாகுதாக்களின் தொழிலை நாள்தோறும் குறித்துவைத்தார். பாய்க்கப்பலின் கடைசித் தலைமுறையை அறிய அரபுலகுக்கு அப்படி ஒரு நூல் வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை.

நம்மிடம் இருப்பது 'கப்பல் சாத்திரம்'. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அதை 1950இல் அச்சிட்டது. ஏரா எனப்படும் அடிமரத்தின் அளவுகளும் மரங்களின் தேர்வும் நற்பலன் தீப்பலன்களோடு கலந்து அதில் சொல்லப்படுகின்றன. பலன்களைச் சோதிடம் என்று ஒதுக்கிவிட்டு அளவுகளை மட்டும் பெயர்த்தெடுத்து, கப்பல் கட்டும் பொறியியல் அறிந்தோர் ஆராயவேண்டும்.

கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் கப்பல் கணக்கேடுகள் எஞ்சியிருக்குமானால், அவற்றைப் புரட்டுவோர் இலாப நட்டக் கணக்கோடு நின்றுவிட வேண்டாம். ஏற்றிய சரக்கு எது, எத்தனை பொதி, அடிப்பாரத்துக்குக் கூலி கொடுக்கப்பட்டதா, பாய்த்துணி எத்தனை முழம் வாங்கப்பட்டது, எந்த மாதத்தில் கப்பல் கரையேற்றப்பட்டது என்பவற்றையும் படியெடுக்கவேண்டும். பாய்த்துணியின் முழக்கணக்கிலிருந்து பாயின் பரப்பை அறியலாம். ஒரு துறையில் பாய் விரித்த நாளும் மறுதுறையில் நங்கூரமிட்ட நாளும் கிடைத்தாலே சாமத்துக்கு எத்தனை மைல் ஓடியது என்பதைக் கணித்து, இப்னு மாஜிதின் பன்னிரண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.